தாமதத்துக்குக் காரணம்

தண்டர் பே. பிப்ரவரி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
என் மஞ்சள் பேருந்தில் நாற்பத்தோரு பிள்ளைகள்,
பதினோராம் வகுப்பு, பாதிப்பேர் உறக்கம்.
கணக்குத் தேர்வுக்கு டிமிக்கி கொடுக்கத்தான்
இந்தப் பயணத்துக்குப் பேர் கொடுத்தார்களாம்.
கடைசி இருக்கையிலிருந்து சத்தமாகவே சொன்னார்கள்.
கண்ணாடியில் பார்த்தேன், பேசவில்லை.
ஓட்டுநருக்கு அபிப்பிராயம் கிடையாது,
கதவு மட்டும்தான்.

கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் பயிற்சிக் கூடம்.
உள்ளே போகும் எண்ணமே இல்லை எனக்கு.
காலையில் குடித்த காபிதான் தள்ளிக்கொண்டு போனது.
கழிப்பறையிலிருந்து திரும்பும் வழியில்
நின்றுவிட்டேன்.

யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை.
மைக் ஒரு மூலையில் உறையோடு கிடந்தது.
கொத்துவேலை மேசையில் ஒருவன்
நாலு செங்கல் வைத்து ரசமட்டத்தைச் சாய்த்தான்.
குமிழி கோட்டைத் தாண்டி நழுவியது,
வகுப்பிலிருந்து அவன் நழுவுகிற அதே லாவகத்தில்.
பிரித்தான். மறுபடி வைத்தான்.
கலவை அவன் புது ஷூவில் விழுந்ததை
அவனைத் தவிர எல்லாரும் பார்த்தோம்.

இரும்புத் தூணில்
இடுப்பு வாரோடு ஏறிக்கொண்டிருந்தான்
டெஸ்மண்ட் ஷவாண்டா.
இரண்டு வருஷமாக என் வண்டியில் வருகிறவன்,
குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.
உச்சியில் உத்தரத்தைத் தட்டிவிட்டுக் கத்தினான்:
"இங்கேருந்து எல்லாரோட உச்சந்தலையும் தெரியுது!
சார், உங்களுக்குச் சொட்டை!"

மின்வேலைக்காரி
மணிக்கு என்ன கூலி என்று சொன்னதும்
அந்த எண்ணை வாரத்தால் பெருக்கினார்கள், வருஷத்தால் பெருக்கினார்கள்,
வரி கழித்தார்கள், காகிதமே இல்லாமல்.
கணக்குக்குப் பயந்து ஓடிவந்தவர்கள்!
நானும் பெருக்கிப் பார்த்தேன்.
என் சம்பளம் பக்கத்தில் வந்து
சற்று நேரம் தரையைப் பார்த்து நின்றது.

கடைசி மேசை குழாய்வேலை.
ப்ரான்வின் ஹைக்கினென் கையில் நீலச்சுடர்.
எதிரே காதில் வளையம் போட்ட ஓரெஸ்ட்,
பயிற்சியில் இரண்டாம் ஆண்டு, அவளைவிட மூன்று வயசுதான் கூட.
"ஈயத்தைத் துரத்தாதே,
சூடு எங்கேயோ அங்கே அதுவே ஓடும்" என்றான்.
ஓடியது.
செம்பின் இடுக்கில் ஒரு வெள்ளி மோதிரம்.

தண்ணீர் திறந்தார்கள்.
குழாய் ஒரு நொடி யோசித்தது.
அப்புறம் மூட்டின் அடியில்
ஒரு சொட்டு
திரண்டு, பருத்து,
மனசு மாறாமல் விழுந்தது.

கைதட்ட ஆரம்பித்தார்கள்.
"யாரும் தட்டாதீங்க" என்றாள் அவள்.
"இன்னொரு துண்டு வெட்டிக் குடுங்க."

மணி இரண்டே கால்.
ஆசிரியர் வண்டிக்குள் தலைகளை எண்ணினார்.
நாற்பது. மறுபடி எண்ணினார். நாற்பது.
என்னைப் பார்த்தார்.
"எஞ்சின் சூடாகட்டும்" என்றேன்.
காலையிலிருந்து நான் எஞ்சினை அணைக்கவே இல்லை,
இந்தக் குளிரில் யாரும் அணைக்க மாட்டார்கள்.
அவருக்கும் அது தெரியும்.
கையுறையைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டார்.

பின் இருக்கைகளில் உறங்குகிறவர் யாருமில்லை.
தீய்ந்த உலோக வாடை, சிமெண்ட் வாடை.
எதிர்ப்புறத்து மருந்துக்கடைச் சுவரைக் காட்டி
"அது தூக்குல இல்லை, பாரு" என்கிறது ஒரு குரல்.
"உன் கண்ணுதான் தூக்குல இல்லை" என்கிறது இன்னொன்று.
ஆறு வருஷமாய் அதே சுவரைக் கடக்கிறேன்.
நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

கதவைத் தட்டினாள்.
முழங்கைவரை ஈரம், ஈரம் அதற்குள் விறைத்திருந்தது.
முறுக்கிய செம்புத் துண்டு ஒன்று கையில்.
யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
"இன்னும் ஒழுகுது.
ஆனா வேற இடத்துல."

பணிமனைத் தாளில் எழுதினேன்:
தாமதம், பதினொரு நிமிடம்.
காரணம், பனிப்பொழிவு.
வானம் அன்று முழுக்க
துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தது.