கமா விழுந்த இடம்

குலசேகரம் ரப்பர் பால் சங்கத்தின் எடை மெஷின்
மாதம் முழுக்க ஒரே டெக்ஸ்ட் ஃபைலில்
முணுமுணுத்து வைத்ததை
முப்பதாம் தேதி எக்செலுக்குள் இறக்குவது என் வேலை.

எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்கும்.
கமா கண்ட இடத்தில் என்பேன்.
கத்தி பட்டையைத் தாண்டினால் மரம் காயும் என்பது
இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்,
இதற்குத் தெரியாது.

'கொச்சப்பி, கீழவிளை' என்றிருந்த ஆள்
இரண்டாகப் பிளந்து
கீழவிளை போய் எடைக் கட்டத்தில் உட்கார்ந்தது.
அவர் பால் பதினெட்டு கிலோ
விலையாயிற்று.
4-11 என்ற வீட்டு எண்
நவம்பர் நாலாம் தேதியாகி
இன்னும் வராத நாளொன்றில் நின்றது.

சுகிர்தபாய் பாஸ்புக்கோடு வந்தார்.
'நான் 0047 சாறே. இதில வெறும் 47ன்னு கெடக்கு.'
முன்னால் சும்மா பூஜ்யம்தானே என்றேன்.
'சும்மாவா? 47 எனக்க கொழுந்தனாக்கும்.
அவனுக்கும் எனக்கும் பேச்சில்ல,
எனக்க பாலு மட்டும் அங்க போவுமோ?'

எல்லாவற்றையும் அழித்து
ஃபைலை மறுபடி திறந்து
அந்த நெடுவரிசையைத் தொட்டுச் சொன்னேன்:
நீ எண் இல்லை, எழுத்து.
பூஜ்யங்கள் இரண்டும் வந்து முன்னால் நின்றன.
கொழுந்தன் தனியே கீழே போனார்.

அவர் வரிசையில் ஒரு நாள்:
பெயர், கமா, கமா, கமா.
பூஜ்யம் போட்டுவிடவா?
'அன்னைக்கு மழையில்லா. மழைன்னு எழுதும்.'

எடைக்கான கட்டத்தில்
மழை என்று அடித்தேன்.
கீழே கூட்டுத்தொகை
அசையவில்லை.