தடிமன்

பெப்ரவரியில் எனக்குத் தடிமன் பிடித்தது.
இதுவும் ஒரு செய்தியா?
தூண் ஏரிக்கரை ஹோட்டலின் சலவை அறையில்
எட்டுப் பேருக்கும் பிடித்திருந்தது.
மிலேனா மூக்கைச் சிந்திவிட்டு
விரிப்பின் மறுமுனையை நீட்டினாள்.
இருவருமாய் மடித்தோம்.

பதினொரு வருடம் முந்தி
ஒரு துளி இரத்தத்தில் நாற்பத்தொன்று.
பெர்ன் ஆஸ்பத்திரியில் டொக்டர் சுர்பூகன்
தாளில் எழுதிக் காட்டினார்.
தமிழ் சொல்ல ஆள் நேரில் வேண்டாம் என்றேன்.
தேருக்கு வருகிற முகமாக இருந்துவிட்டால்?
தொலைபேசியில், லொசானிலிருந்து ஒரு குரல்:
"இவை உங்கள் உடம்பின் படைவீரர்கள்.
நாற்பத்தொரு பேர்தான் மிச்சம்."
படைவீரர் வேண்டாம் என்றேன்.
குரல் கொஞ்ச நேரம் பேசவில்லை.
எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.
பிறகு, "சரி அக்கா, கலங்கள்" என்றது.

மருந்து தொடங்கி ஆறாம் கிழமை
காய்ச்சல் அடித்தது, கழுத்தில் நெறி கட்டியது.
முடிந்தது என்று படுத்திருந்தேன்.
இல்லையாம்.
இவ்வளவு நாளும் உள்ளே கிடந்த கிருமியை
உடம்பு இப்போதுதான் கண்டு கத்துகிறதாம்.
நோய் தெரிவதற்கும்
கொஞ்சம் சுகம் வேண்டுமாம்.

நூற்றிருபது.
இருநூற்றைந்து; அன்றைக்கு
சல்பா குளிசையை நிறுத்தச் சொன்னார்கள்.
மிச்சத்தை எறிய மனமில்லை,
தையல் பெட்டிக்குள் இன்னும் கிடக்கிறது.
முந்நூற்றுப் பதினெட்டு.
அதோடு நின்றுவிட்டது. மூன்று வருடமாய்
முந்நூற்றொன்பது, முந்நூற்றிருபத்திரண்டு,
போகிறேன் போகிறேன் என்று
வாசலிலேயே நின்று கதைக்கிறவர்கள் மாதிரி.
வைரஸ் கண்ணில் படாமல் போய் எவ்வளவு காலம்,
இது ஏன் ஏறவில்லை என்றேன்.
டொக்டர் தோளை உயர்த்தினார்.
"சிலருக்கு இப்படித்தான், திருமதி வாகீசன்.
இதோடு வாழலாம். கிழவியும் ஆகலாம்."
வாகீசனுக்கு நாற்பத்தொன்றும் இருக்கவில்லை.

தடிமன் ஐந்து நாள்.
யாரையும் கூப்பிடவில்லை.
கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்,
ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை,
விரிப்புகள் வந்தபடி இருந்தன.

ஆறாம் நாள், இரத்தம் கொடுக்கப் போகும் ரயிலில்
மிச்சமிருந்த தும்மல் வந்தது.
நூறு, என்றேன் எனக்குள்,
பிள்ளைகள் தும்மினால் சொல்கிற ஆயுசுக் கணக்கு.
இருநூறு.
முந்நூறு.
எதிர் இருக்கை மனிதர் பத்திரிகைக்கு மேலால் பார்த்து
"கெசுண்ட்ஹைட்" என்றார்.
"மெர்சி" என்றேன்.
நாலாவது மூக்கு நுனிவரை வந்தது.
வாயைத் திறந்தபடி காத்திருந்தேன்
முன்சிங்கன் தாண்டும்வரை.