மஞ்சள் தலை உருளை

பதினோரு வருஷம்
வால்வைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்று
ஒரு சிகரெட் பிடிப்பேன்.
கேஸ் உஸ்ஸென்று போய்விடும்.
எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை,
மரிவிக் கேட்கும்வரை.

சல்மாபாத் பயிற்சிக் கூடம்.
என்னைவிடச் சின்னவள், ஃபிலிப்பினோ.
கைக்குப் பெரிதான கையுறையோடு
பாம்பைப் பிடிப்பதுபோல் ஹோஸைப் பிடித்து
'விடாதே, உருளைக்குள் வாங்கு' என்றாள்.
பச்சை வேலை என்று சொன்னார்கள்;
உருளை சாம்பல் நிறம், தலை மட்டும் மஞ்சள்.
எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் வெடிக்கும்.
இதை மூன்று முறை எழுதவைத்தாள்.

பரீட்சைத் தாளின் பின்பக்கம்
சும்மா ஒரு கணக்குப் போட்டேன்.
வருஷத்துக்கு முந்நூறு ஏசி, தலைக்கு ஒன்றரைக் கிலோ,
பதினொன்றால் பெருக்கினால்
ஐந்து டன் கிட்ட.
என் வாழ்நாளில் இவ்வளவு பெரிதாக
வேறெதையும் நான் செய்ததில்லை.
அடித்துவிட்டுத்தான் தாளைக் கொடுத்தேன்.

சான்றிதழில் என் பெயருக்கு ஓர் எழுத்துக் குறைவு.
சம்பளம் அதேதான்.

அறையில் எட்டுப் பேர்.
பதினெட்டில் கிடந்த ஏசியை இருபத்துநாலில் வைத்தேன்.
கபீரின் மூலையிலிருந்து செருப்பு பறந்து வந்தது.
ஃபில்டரைக் கழுவி மாட்டிய பிறகு
'இப்பக் குளிருதே' என்றான்,
சண்டையை இன்னும் விடாத குரலில்.

இன்று முஹர்ரக்கில் ஒரு மொட்டைமாடி.
போனில் சூப்பர்வைசர் தங்கமாரியப்பன்:
'ரெண்டு நிமிஷ வேலைக்கு நாப்பது நிமிஷமா?'
தராசில் எண் ஏறிக்கொண்டிருக்கிறது,
ஒன்று புள்ளி இரண்டு,
ஒன்று புள்ளி மூன்று.
'இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே.'
'என்னய்யா கொஞ்சம்?'

போனைத் தரையில் வைத்துவிட்டு
ஹோஸைத் தொட்டுப் பார்க்கிறேன்.
இன்னும் சில்லென்றிருக்கிறது.