பிசானத்துக்கு வந்தவள்

காய்ச்சல் கண்டு அஞ்சாம் நாள்தான்
ஹைகிரவுண்டுக்கு வருவார்கள்.
பூளை தள்ளாத சிவந்த கண்.
உதட்டுக்குச் சொல்வார்களே கோவைப்பழம்,
இங்கே அது நாக்குக்கு.
வயிறு வலிக்கு, வயிறு வலிக்கு என்று கதறி
குடல்வாலுக்குக் கீறப்போன கடைசி நிமிஷத்தில்
முக்கூடலிலிருந்து ஏற்றிவிட்ட பையன் ஒருவன்.

கொரோனா வந்துச்சா?
"இல்ல சிஸ்டர். ஒரு மாசம் முந்தி லேசா தடுமம்.
ரெண்டே நாளு. வெளயாடிட்டுத்தான் கெடந்தான்
பாத்துக்கிடுங்க."

மூக்கில் குச்சி விட்டால் ஒன்றும் இராது.
ரத்தத்தில் மட்டும் வந்து போன தடம்.
கள்ளன் எப்போதோ ஆற்றைத் தாண்டிவிட்டான்.
காவலுக்கு நின்றவன்
இன்னும் வீட்டுக்குள் கம்பு சுழற்றுகிறான்,
பானை, கண்ணாடி, பத்தாயம் என்று பாராமல்.
பத்தாயம் என்றால் இருதயம்.
எக்கோவில் டாக்டர் சுபத்ரா மில்லிமீட்டர் சொல்வார்,
நான் எழுதுவேன்.

எந்த வகை வைரஸ் என்று கேட்காதீர்கள்.
போனதைப் பிடித்து எந்த லேபுக்கு அனுப்ப?
மாதத்தை வைத்துச் சொல்வதுதான்.
சேரன்மகாதேவியில் அப்பா நெல்லுக்குச் சொல்வதை
என் நோட்டிலும் எழுதிவைத்தேன்:

இருபது, கார் அறுவடை.
பேர் வைக்காத முதல் அலை. பதினொன்று.
இருபத்தொன்று, கார் நடவு.
டெல்டா. இருபத்து மூன்று.

டெல்டா ஊரையே சுருட்டியது,
அதற்கு இது குறைவுதான் என்றார் சுபத்ரா.
இருக்கலாம்.
ஒரு கட்டிலில் ரெண்டு பிள்ளை படுத்த வாரம் அது.
மேலப்பாளையம் ரிஸ்வானா
விரல்நுனியில் உரிந்த தோலைத்
தீப்பெட்டியில் சேர்த்தாள், தம்பிக்குக் காட்ட.
மூலைக்கரைப்பட்டி தவசிக்கனிக்கு
ராத்திரி ரெண்டரைக்கு பிரஷர் இறங்கி
மருந்தை ஏற்றி ஏற்றி
விடிந்ததும் தோசை கேட்டான்.
ஒரு வரியில் டிஸ்சார்ஜ் தேதிக் கட்டம் காலி.
அதை இதில் எழுதப்போவதில்லை.

பிறகு ஓமிக்ரான்.
தை மாசம் வீட்டுக்கு வீடு இருமல்.
ஆறு வாரத்தை விரல்விட்டு எண்ணினோம்.
ஃப்ரிட்ஜில் ரெண்டு தட்டு நிறைய
இம்யூனோகுளோபுலின் குப்பிகள்.
மாசி பாதி போயிற்று. யாரும் வரவில்லை.

வைரஸ் முகம் மாற்றியதில்
காவல்காரன் இவ்வளவு மிரளவில்லையா,
முந்தின அலைகளிலேயே பிள்ளைகள் ரத்தம் பழகிற்றா,
பெரிய பிள்ளைகளுக்குப் போட்ட ஊசியா,
மீட்டிங்கில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.
எல்லாமாகவும் இருக்கலாம் என்றார் சுபத்ரா.
எனக்கு, டீ ஆறுவதற்குள் குடித்த மாசம்.

மாசிக் கடைசியில் பேச்சிசெல்வி வந்தாள்.
களக்காடு. ஆறு வயசு.
அறுப்பு மெஷின் ஓட்டுகிற அப்பா
தலையில் தூசியும் சாவியுமாக
வார்டுக்கு வெளியிலேயே நின்றார்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இப்பம் வந்தது லேசானதுன்னு
டிவியில சொன்னாவளே சிஸ்டர்?"
ஆமாக்கா. லேசானதுதான்.
"அப்பம் இவளுக்கு மட்டும் ஏன்?"

எடை பார்த்தேன். பதினாறு கிலோ.
கிலோவுக்கு ரெண்டு கிராம், முப்பத்திரண்டு.
தெரிந்த வாய்ப்பாடுதான்,
மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.
பன்னிரண்டு மணி நேரம் சொட்டும், அக்கா,
நீங்கள் கொஞ்சம் சாயுங்கள் என்றேன்.
அவள் சாயவில்லை.
சொட்டு விழும் அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
உலை கொதிக்கக் காத்திருப்பவள் போல.

இருபத்திரண்டு, பிசான அறுவடை.
ஓமிக்ரான். ஒன்று.
பக்கம் முழுக்க வெள்ளை.
இதைத்தான் நாங்கள் கேட்டோம்,
இந்த வெள்ளையை. கிடைத்திருக்கிறது.
அதன் உச்சியில் அவள் பேர்.

எக்கோ அறையில் விளக்கை அணைத்தார்கள்.
திரையில் அது அடித்துக்கொள்கிறது,
குஞ்சின் கழுத்துபோல்.
டாக்டர் மில்லிமீட்டர் சொன்னார்.
புள்ளிக்கு அப்புறம் சொன்னது கேட்கவில்லை,
திரும்பச் சொல்லுங்கள் என்றேன்.