மூன்று கிலோ இருநூறு

அறுபது வயதைத் தாண்டிய வீட்டில்
ஜன்னலைப் பெயர்க்க அனுமதி வேண்டும் இந்த ஊரில்.
எனக்கு அறுபதாக இன்னும் இரண்டு வருடம்.
அதுவரை என்னை
யாரும் கேட்காமல் பெயர்க்கலாம்.

மாரிட்ஸ்பர்க்கில் செங்கல் வீடு.
மேலும் கீழும் நகரும் ஜன்னல்கள் ஒன்பது,
அதில் ஏழு நகராது.
பூச்சின் மேல் பூச்சாக வெள்ளை வர்ணம்
இடுக்கெல்லாம் இறுகிக் கிடக்கிறது.
நகரும் இரண்டுக்கும்
ரொட்டி உருட்டும் கட்டைதான் முட்டு.

இரவெல்லாம் பிரசவ வார்டு, பகலில் தூக்கம்.
காற்றடித்தால் கண்ணாடி
குளிர்காய்ச்சல்காரன் பல்லைப் போல் அடித்துக்கொள்ளும்.
போதாததற்கு டாக்சி வேன்களின் ஹாரன்.
காதில் பஞ்சு, ஜன்னலில் பஞ்சு,
பஞ்சு தீர்ந்த இடத்தில் மருந்துப் பெட்டி அட்டை.
அலுமினியம் வேண்டும், இரட்டைக் கண்ணாடி வேண்டும்,
வேறொன்றும் வேண்டாமென்று
மனுப் போட்டேன்.

அலுவலகத்துப் பெண் வந்தாள்,
தெருவில் நின்று படம் எடுத்தாள்.
"தெருவைப் பார்க்கும் இரண்டும் மரமாகவே இருக்கட்டும்.
மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்."
பர்மா தேக்கு என்றாள், மெல்லத் தட்டி.
என் முப்பாட்டன் வந்த கப்பலைவிட
நல்ல கப்பலில்தான் வந்திருக்கும், என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்தாள்,
பிறகு எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மொண்ட்லி வந்தான்,
உளியும் பிளாஸ்கும் ஒரு தம்பியுமாக.
வர்ணத்தைக் கீறினான். சட்டத்தைக் கழற்றினான்.
பதினோரு வருடம் நான் தூசு துடைத்த பக்கவாட்டில்
ஒரு சின்னப் பலகை,
கதவென்று தெரியாத கதவு.
நெம்பித் திறந்து கையை விட்டான்,
முழங்கை வரை, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.
அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
கண்ணுக்கு எட்டாததை விரலால் பார்க்கும்போது
எங்களுக்கு வரும் முகம்.

"பிடிச்சுக்குங்க, சிஸ்டர்."

கயிற்றோடு வந்தது இரும்பு.
நீள உருளை, மேலெல்லாம் துருவும் சிலந்தி நூலும்.
கயிற்றை அவன் அறுத்தான்.
வாங்கிய கை தானாகச் சொன்னது:
மூன்று கிலோ இருநூறு.

குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
மூன்று இருநூறு.
முப்பத்தொரு வருடப் பழக்கம்,
பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் நான்காம்.
சுவரின் இருட்டில் இவை இறங்கினால்
ஜன்னல் ஏறுமாம்,
ஒற்றை விரல் போதுமாம்.
தூக்கித் தூக்கித் தோள்பட்டை போன பிறகு
தெரிந்துகொள்கிறேன்.

படுக்கையறையில் மட்டும் ஒன்று குறைந்தது.
அதன் இடத்தில் யாரோ
தண்டவாள போல்ட்டுகளைச் சாக்கில் கட்டித்
தொங்கவிட்டிருந்தார்கள்.
எடை சரி. கணக்குத் தெரிந்த ஆள்.
பெயர் எழுதவில்லை.

புதன்கிழமை அலுமினியம் ஏறியது.
இருபத்தேழு இரும்பும் ஒரு சாக்கும்
பின்வாசலில் வரிசையாகக் கிடந்தன.
பழைய இரும்புக்காரன் கிலோ என்ன விலை என்றான்.
வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
மழை வருமென்று தார்ப்பாய் போர்த்தியது நான்தான்,
கால்பக்கம் மடித்துச் செருகியதும்.

வியாழன் பகல். புது ஜன்னலைச் சாத்தினேன்.
வேன் தெரிகிறது, ஹாரன் இல்லை.
மரம் ஆடுகிறது, காற்று இல்லை.
படுத்தேன்.
வெளியே வந்த குழந்தை அழும்வரை
அறையில் ஒருவரும் மூச்சு விடாத
அந்தச் சில நொடி போல இருந்தது.
நீண்டுகொண்டே போனது.

எழுந்து முன்னறைக்குப் போனேன்.
மொண்ட்லி புதுக்கயிறு மாட்டிய மர ஜன்னலை
ஒற்றை விரலால் தூக்கினேன்.
சுவருக்குள் ஏதோ இறங்கும் சத்தம்.
பிறகு தெரு, பிறகு ஹாரன்.

சோபாவிலேயே தூங்கிப்போனேன்,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.