தீர்ந்த மீனின் கோடு

முதல் வரைவில் ஒரு மீன் வைத்திருந்தேன்.
அழகுக்காகக் கணினியில் அதைத் திருப்பிப் போட்டது என் தவறு.
"ரொடபாயோவுக்கு இரண்டு கண்ணும் இடப்பக்கம்.
இது வேறு மீன், நான் விற்பதில்லை"
என்றாள் சபேலா, கத்தியைத் துடைத்தபடி.

அடுத்து நீலம். பதினோரு நீலம்.
அட்டைகளை ஜன்னலில் சாய்த்து வைத்தாள்.
வெளியே முசீயாவின் கடல்
பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில்
பாறை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
"சுற்றுலா அலுவலகத்துக்குக் கொடு."

கட்டணத்தில் பாதி எனக்கு அதற்குள் செலவாகிவிட்டது.

மதியம் மூன்று மணிக்கு
அவள் தம்பி ப்ராய்ஸ் கரும்பலகைக்கு வந்து
தீர்ந்துபோன பெயர்களை அடித்துக்கொண்டு போனான்.
மத்தி. கணவாய். பிறகு அந்த ரொடபாயோ.
ஒரே கோடு: இடம் தாழ்ந்து, வலம் எழும்பி,
கடைசியில் சற்றே வழுக்கும்.

அதை எடுத்துக்கொண்டேன்.
விலைப்பட்டியலுக்கு, கை துடைக்கும் தாளுக்கு,
வாசலுக்கு மேலே ஆளுயரத்தில்.
பெயர்கூட வேண்டாம் என்றேன்.
சபேலா நெடுநேரம் பார்த்துவிட்டு
"எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள்.

திறந்த வாரம்
கொருஞாவிலிருந்து இரண்டு கார்கள்
வாசல்வரை வந்து, நிமிர்ந்து கோட்டைப் பார்த்து,
எல்லாம் தீர்ந்துவிட்டதென்று திரும்பின.
ப்ராய்ஸ் ஈரக் கையோடு பின்னால் ஓடினான்.

ஒன்று நின்றது.