மேலே நிற்பவன்

இருபத்திரண்டாம் மாடி வரை வெள்ளை அடித்தவன்
விழுந்தது இரண்டாம் மாடியிலிருந்து.
கேட்கிறவர்களுக்கு இதில் ஓர் ஏமாற்றம்.
எனக்கும்தான்.

லோயர் பரேல். மழைக்கு முந்தின மே மாதம்.
தொங்கு பலகையில் நான்,
மொட்டைமாடியில் கயிற்றோடு ஆபிரகாம்.
டீல் என்று கத்தினால் விடுவான்
போதும் என்று கத்தினால் பிடிப்பான்.
கடல்காற்று அன்றைக்கு
அந்தப் போதும்-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போனது.

கெய்க்வாட் மேடம் ரப்பர் சுத்தியலால்
முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினார்.
கால் எகிறி ஸ்டூலை உருட்டியது.
எஸ்தர் கைதட்டிவிட்டாள்:
உயிர் இருக்கு மேடம், பாருங்க, உயிர் இருக்கு!

மேடம் ஸ்டூலை நிமிர்த்தி வைத்தார்.
எல்லார் காலும் எகிறத்தான் செய்யுமாம்.
இவ்வளவு வேண்டாம், இவ்வளவு வேண்டாம் என்று
தலை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்குமாம் மேலிருந்து.
உனக்கு அந்தச் சொல்
முதுகில் பத்தாம் எலும்போடு நின்றுவிடுகிறது என்றார்
பாதி இந்தியில், பாதி கையில்.

அதாவது
நான்தான் இப்போது ஆபிரகாம்.
கீழே யாரோ தொங்குகிறான்.
தொண்டை கிழியக் கத்துகிறேன்.

இரவில் பாதம் கட்டில் சட்டத்தில் பட்டால் போதும்,
குதிகால் தானாகத் தட்டத் தொடங்கும்
டடடடடட என்று.
எங்கள் அறைக்குக் கீழே ஜீன்ஸ் பட்டறை,
ஒன்பது மெஷின்.
மேலே பத்தாவது நான்.
எஸ்தர் தூக்கம் கலையாமலே எழுந்து
என்னை உட்காரவைத்துக் காலைத் தரையில் ஊன்றி
முழங்கால் மேல் கையை வைத்து அழுத்துவாள்,
கொதிக்கிற பானைக்கு மூடி போடுவதுபோல.
குதிகால் தரையில் அமரும்.
அவள் கையை எடுக்க இருவருக்கும் பயம்.

செவ்வாயும் வெள்ளியும் நடை மெஷின்.
கூரையிலிருந்து வார் இறங்கும்,
இடுப்பில் ஒன்று, தொடைக்கு இரண்டு.
கிளிப் விழும் சத்தம் கேட்டதும் சிரித்துவிட்டேன்.
பதினோரு வருஷமாய்
வருது, பெல்ட் வருது என்ற கான்ட்ராக்டரே,
வந்துவிட்டது.

அறுபத்துநாலு கிலோவில் முப்பதை மெஷின் சுமக்கிறது.
கீழே பட்டை ஓடுகிறது.
கால் பின்னால் இழுபட்டுப் போகிறது, போகிறது,
இனி இடமில்லை என்கிற இடத்தில்
தானே முன்னால் வருகிறது.
சத்தியமாக நான் செய்யவில்லை.

நடை முழுக்கத் தலையில் இல்லையாம்.
மேஸ்திரி வராத நாளிலும்
வேலை தெரிந்த ஆட்கள் முதுகுக்குள்ளேயே இருக்கிறார்களாம்.
இருக்கட்டும்.
வலது முடித்ததா என்று பாராமல்
இடது கிளம்பிவிடுகிறதே,
ஏணியில் ஒருவன் நிற்கும்போதே
இன்னொருவன் ஏணியை உருவுகிற மாதிரி?

கையை வீசு என்கிறார் மேடம்.
கைக்கு ஒன்றும் ஆகவில்லை, வீசுகிறேன்.
வலதுகை வலதுகாலோடு போய்விடுகிறது.
நேற்றுச் சேர்ந்த போலீஸ்காரன் பரேடில் இப்படித்தான் போவான்.
உல்டா, உல்டா என்கிறார்.
இடதுகாலைக் கூப்பிட வேண்டியது வலதுகையாம்.
இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர்
கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது.

ஜன்னலில் ஸ்டேஷன் பாலம்.
ஆறு மணிக் கூட்டம்.
ஒரு கையில் டிபன் பை, மறுகையில் போன்,
வீசக் கையே இல்லாத ஒருத்தி
ஆறு பன்னிரண்டுக்கு ஓடுகிறாள்,
அவள் தோள்கூட எதிர்க்காலுக்கு லேசாகத் திரும்பிக்கொடுக்கிறது.
பொறாமை என்று சொல்லமாட்டேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

இன்று வாரைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.
வலதுகை, இடதுகால்.
வாய்விட்டு எண்ணினேன்.
பதினொன்று வரை ஒவ்வொன்றும் நான் வைத்தது,
பல்லைக் கடித்து,
ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கத்தி.
பன்னிரண்டாவது
பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தது.
கத்தவே இல்லை.

மேடம் நோட்டில் பன்னிரண்டு என்று எழுதினார்.
நான் திருத்தவில்லை.